முப்பத்தஞ்சு வயதுக்கு மேல் சண்டைக் கலை கற்க ஆசையா? ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எந்தக் கலை பெரிது, எது பெஸ்ட் என்று கேட்டுக் கேட்டே நான் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு போனில் கராத்தேக்காரனும் குத்துச்சண்டைக்காரனும் மோதும் வீடியோ பார்ப்பது, மறுநாள் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே அதைப் பற்றி யாரிடமாவது விவாதம் செய்வது, அவ்வளவுதான் என் பயிற்சி. அதே இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் வெள்ளை பெல்ட்டிலிருந்து பச்சை பெல்ட்டுக்குப் போய்விட்டான். எனக்குத் தொப்பைதான் ஒரு சுற்றுக் கூடியிருந்தது.

கடைசியில் 37 வயதில் தொடங்கினேன். முதலில் கராத்தே, எட்டு மாதம். அப்புறம் சிலம்பம், இப்போது ஐந்து வருடம் முடிந்துவிட்டது. நான் ஆசான் கிடையாது, பரிசு எதுவும் வாங்கியதில்லை. வேலை, வீடு, முட்டி வலி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உச்சிப்புளியில் உட்கார்ந்து இதைத் தேடிய ஒரு ஆள், அவ்வளவே. அதனால் இதில் உலகச் சாம்பியன் ஆவதற்கு வழி இருக்காது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, இந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவு வரை, வேலைக்குப் போகிற வயது வந்த ஒருவர் எப்படித் தேடுவது, எதைப் பார்ப்பது, எங்கே ஏமாறுவார் என்பது இருக்கும்.

முதல் படி: எதற்கு என்று உங்களிடமே கேளுங்கள்

"சும்மா ஒரு ஆசைதான்" என்பதும் நல்ல பதில்தான், ஆனால் அதற்குக் கீழே வேறொன்று இருக்கும். அதைத் தோண்டி எடுங்கள். டாக்டர் சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லியிருப்பார். பிள்ளையைக் கிளாஸில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போன் பார்ப்பதற்குப் பதில் நாமும் உள்ளே போனால் என்ன என்று தோன்றியிருக்கும். தாத்தா கோயில் திருவிழாவில் கம்பு சுற்றுவார், அது அப்பாவோடு நின்றுவிட்டது என்ற குறை இருக்கும். ராத்திரி தனியாக வீடு திரும்பும்போது ஒரு பயம் இருக்கும்.

உடம்புக்காக என்றால் எந்தக் கலையும் போதும், கிளாஸுக்கு விடாமல் போனால் சரி. பரம்பரை ஆசை என்றால் வேறு யோசனையே வேண்டாம், சிலம்பம்தான். நிஜமாகவே மோதிப் பார்க்க வேண்டும், அடி வாங்கினால் நம் மூளை என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும் என்றால், எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கிற பயிற்சி உள்ள கலையாக இருக்க வேண்டும். குத்துச்சண்டை, ஆளைப் பிடித்து வீழ்த்தும் ஜூடோ, குஸ்தி, தாய்லாந்துச் சண்டையான முய் தாய் எல்லாம் அந்த வகை.

தற்காப்புக்கு என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தி வைத்திருப்பவனிடமிருந்து கத்தியைப் பிடுங்கும் வித்தையை மூன்று மாதத்தில் சொல்லித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஓடுவது, சத்தம் போடுவது, ஆள் இருக்கும் இடத்துக்குப் போவது, இதற்கு அப்புறம்தான் கை. சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்குத்தான் உரிமை உண்டு. கீழே விழுந்தவனை மேலும் நாலு போட்டால் கேஸ் உங்கள் மேல்தான் வரும்.

இரண்டாவது: உடம்பின் கணக்கு

பதினைந்து வயதுப் பையனுக்கு எதையும் பார்க்க வேண்டாம், கொண்டுபோய் விட்டால் போதும். நமக்கு அப்படி இல்லை. முப்பத்தஞ்சு தாண்டியவர், அதுவும் பல வருடம் ஓடியாடாமல் இருந்தவர், ஒரு தடவை ரத்தக் கொதிப்பு, சுகர் இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சில் அழுத்தம், படியேறினால் மூச்சு வாங்குவது என்று ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் கிளாஸ் பக்கம் போக வேண்டாம்.

சுகர் உள்ளவர்கள் பாதத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வெறுங்காலில்தான் பயிற்சி, அதுவும் மண்ணில். கருவேல முள் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் குத்தியதே தெரியாது, நாலு நாள் கழித்துப் புண்ணாகித்தான் தெரியும். அவர்கள் கான்வாஸ் ஷூ போட அனுமதிக்கும் ஆசானாகப் பார்க்கட்டும், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், பயிற்சி நடுவில் சுகர் இறங்கிவிட வாய்ப்புண்டு.

அப்புறம் தொழில் செய்த வேலை. வலை இழுத்த தோளும், படகிலிருந்து குதித்து ஏறிய முட்டியும், லாரி ஓட்டிய இடுப்பும், பாசி எடுக்கப் போய்ப் பாறையில் தேய்ந்த கணுக்காலும் ஒரே மாதிரி இருக்காது. தோள் போனவருக்குச் சிலம்பத்தின் தலைக்கு மேல் சுற்றும் வீச்சு முதல் ஆறு மாதம் நரகம். முட்டி போனவருக்கு ஷோட்டோகான் கராத்தேயின் நீண்ட தாழ்ந்த நிலைகள் ஒத்துவராது, என் முட்டி அதில்தான் மாட்டியது. இடுப்பும் தொடையும் இறுகியவர் டேக்வாண்டோவின் தலை உயர உதையை நினைக்கவே வேண்டாம், அல்லது இடுப்பு உயரத்தோடு திருப்தியாக வேண்டும். முதுகுத் தட்டு விலகியவர் ஜூடோ பக்கம் போகுமுன் எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது: கிழமையும் தூரமும்

கலையைத் தேர்ந்தெடுக்குமுன் கிழமையைத் தேர்ந்தெடுங்கள். நான் இதில் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

ஒரு தாளை எடுத்து உங்கள் ஒரு வாரத்தை அப்படியே எழுதுங்கள், ஆசைப்படும் வாரத்தை இல்லை, போன வாரம் நடந்ததை. விசைப்படகில் போகிறவருக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், கரையில் இருக்கும் நாளிலும் வலைக்கண்ணி பார்க்கிற வேலை இருக்கும். கீழக்கரையில் கடை வைத்திருப்பவருக்கு மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் நடுவே கொஞ்ச நேரம். ஆசிரியராக இருப்பவருக்கு ஐந்து மணிக்கு மேல் சும்மா, ஆனால் மார்ச் மாதம் கிடையாது. இதில் வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், போக வர நேரத்தோடு சேர்த்து எங்கே நிஜமாக இருக்கிறதோ அதைக் கட்டம் கட்டுங்கள். அந்தக் கட்டத்துக்குள் வருகிற கிளாஸ்தான் உங்கள் கலை. ராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு ராமநாதபுரத்துக் கிளாஸில் சேர்ந்தால் போக மட்டும் 55 கிலோமீட்டர் சொச்சம். முதல் மாதம் உற்சாகமாகப் போவீர்கள், இரண்டாவது மாதம் பாம்பன் பாலத்துக் காற்றில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது இது எதற்கு என்று தோன்றும், மூன்றாவது மாதம் பேன்ட் கொடியில் தொங்கும்.

வருடக் கணக்கும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல தொடக்க நேரம் கிடையாது, கையில் காசுதான் இருக்காது, அதனால் அட்மிஷன் பணத்தைத் தவணையாக வாங்குவார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் தினமும் போய்விட்டு ஜூன் 15 முதல் ஆளையே காணோம் என்று ஆகிவிடக்கூடாது. தொடங்கும்போதே ஆசானிடம் சொல்லிவிடுங்கள்: இப்போ தினமும் வருவேன், கடல் திறந்தால் வாரம் ஒரு நாள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிக் கிளாஸ் பாதி நாள் நடக்காது. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து, தொழுது முடித்து, ராத்திரியில் லேசாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மதிய வெயிலில் தண்ணீர் இல்லாமல் மோதுவது வீரம் ஆகாது.

நான்காவது: நம் பக்கம் என்ன கிடைக்கும்

இருப்பதை வைத்துத்தான் பேச வேண்டும். கடற்கரை ஊர்களில் தேடினால் முதலில் கையில் கிடைப்பவை சிலம்பமும் கராத்தேயும், அடுத்து டேக்வாண்டோ. மற்றவற்றுக்கு ராமநாதபுரம் டவுன், இல்லை மதுரை.

*சிலம்பம்.* எனக்குப் பிடித்தது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலு நாச்சியார் இந்த ராமநாதபுரத்து அரண்மனைப் பெண், சேதுபதி மகள். அவர் சிலம்பமும், வளைந்த எறி ஆயுதமான வளரியும் கற்றதை இங்கே எல்லோரும் சொல்வார்கள். வளரி இன்று காட்சிப் பொருளாகிவிட்டது, கம்பு மட்டும் உயிரோடு இருக்கிறது. கோயில் திருவிழாவிலும் பார்க்கலாம், சில ஊர்களில் சந்தனக்கூடு ஊர்வலத்துக்கு முன்னாலும் பார்க்கலாம். 2021இல் மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் சேர்த்தார்கள், அதே வருடம் தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் வந்தது. அதற்கப்புறம் கிளாஸ்கள் பெருகிவிட்டன. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

தொடக்கம் கம்பில் இல்லை, காலில். காலடி, சுவடு என்று சொல்வார்கள், எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறுகிறது என்பதுதான் பாடம். முதல் சில வாரம் இதையே செய்யச் சொல்லும் ஆசான் நல்ல ஆசான். வந்த அன்றே கையில் கம்பைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்பவரைக் கொஞ்சம் யோசியுங்கள். கம்பு பொதுவாக உங்கள் நெற்றி உயரம் இருக்கும், ஆசானுக்கு ஆசான் அளவு மாறும். மூங்கிலிலும் உண்டு, பிரம்பிலும் உண்டு. புதிதாக வருபவருக்கு லேசான பிரம்பு நல்லது, ஏனென்றால் முதல் மாதம் நீங்கள் அடிக்கப் போவது உங்கள் காதையும் கெண்டைக்காலையும்தான். நான் என் இடது காதை அடித்த அன்று ஆசான் சிரிக்கவில்லை. "மாப்ள, கம்பு ஒன்ன அடிக்கல, நீ தலைய அது போற வழியில வச்சுட்டே" என்றார்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று அலங்காரச் சிலம்பம்: வீச்சு, வரிசை, இரட்டைக் கம்பு, மேடை, திருவிழா. இன்னொன்று போர்ச் சிலம்பம்: எதிரே ஆள் நிற்பான், அடிப்பான், நீங்கள் தடுக்க வேண்டும். போட்டியில் தொடுமுறை என்று வைக்கிறார்கள், கம்பு எதிராளி உடம்பில் பட்டால் புள்ளி. இதில் எதைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அலங்காரம் மட்டும் கற்றவர் தன்னால் சண்டை போட முடியும் என்று நினைத்துக்கொள்வதுதான் ஆபத்து. உடம்புக்கு என்றால் அலங்காரமே தாராளம். தோள், மணிக்கட்டு, மூச்சு மூன்றையும் அரை மணி நேரத்தில் பிழிந்துவிடும்.

சிரமம் என்னவென்றால் இடம். ஆளைச் சுற்றிப் பன்னிரண்டு அடியாவது காலியாக வேண்டும். மொட்டை மாடியில் சுற்றலாம் என்று போய், கொடிக்கயிறோடு என் வீட்டுக்காரம்மா காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டையும் சேர்த்து இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு அரியமான் பக்கத்து மணல்தான்.

*கராத்தே.* ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளில் வளர்ந்தது. நம் ஊரில் கராத்தே என்றாலே சின்னப் பிள்ளைகள் கிளாஸ் என்று ஆகிவிட்டது, அது கராத்தேயின் தப்பு இல்லை. நீங்கள் போனால் பத்து வயசுப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும், கூச்சமாக இருக்கும், இரண்டு வாரத்தில் போய்விடும். எந்தப் பாணி என்று மாஸ்டரிடம் கேளுங்கள். ஷோட்டோகான் என்றால் நீண்ட தாழ்ந்த நிலை, தூரத்திலிருந்து பாயும் அடி. கோஜு ரியு என்றால் நிலை குட்டையாக இருக்கும், கிட்டே நின்று செய்யும் வேலை அதிகம், மூச்சுப் பயிற்சி உண்டு. முட்டி சரியில்லாத நாற்பது வயதுக்காரருக்கு இரண்டாவதுதான் தோதுப்படும் என்பது என் எண்ணம். கியோகுஷின் என்றால் உடம்பில் நிஜமாகவே அடிப்பார்கள், தெரிந்துகொண்டு போங்கள். கராத்தேயின் பெரிய வசதி, பாடத்திட்டம் தெளிவாக இருப்பது. என்ன தெரியும், அடுத்து என்ன என்று பெல்ட்டைப் பார்த்தாலே தெரியும். வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலும் அதே பாணிக் கிளாஸ் அங்கேயும் இருக்க வாய்ப்புண்டு, சிலம்பத்தில் ஆசான் மாறினால் பாதி திரும்பவும் முதலிலிருந்துதான்.

*டேக்வாண்டோ.* கொரியக் கலை, 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக்கில் முழுப் பதக்கப் போட்டி. முழுக்கக் கால். இளமையில் ஓடுவது, குதிப்பது என்று இருந்தவர்களுக்குச் சரி. மற்றவர்கள் முதலில் ஆறு மாதம் உடம்பை வளைக்கப் பழகிவிட்டு யோசியுங்கள்.

*குத்துச்சண்டை.* ஒரு மாதத்தில் பலன் தெரியும் கலை இதுதான். கற்க வேண்டிய அடிகள் ஒரு கை விரலில் அடங்கும், ஆனால் அதைச் சரியாக அடிக்க வருடங்கள் ஆகும். மூச்சுக்கும் எடைக்கும் அருமை. வேலைக்குப் போகிறவர் தொங்கும் மூட்டையைக் குத்துவது, மாஸ்டர் கையில் பிடிக்கும் மெத்தைப் பேடைக் குத்துவது, காலாட்டம் வரைக்கும் தாராளமாகப் போகலாம். தலையில் அடி வாங்கும் பயிற்சியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். நாளை கணக்கு எழுத மூளை வேண்டும். ஒரு அடிக்கப்புறம் கிறுகிறுப்பு, வாந்தி, வெளிச்சம் கூசுவது என்று இருந்தால் அன்றைக்கே நிறுத்தி டாக்டரிடம் போங்கள், அவர் சொல்லும்வரை மோதக்கூடாது. ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கத்துப் பக்கம் காலையில் ஒரு நடை போய் விசாரித்தால் எந்தக் கலைக்கு யார் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கே சுற்றும் பையன்களுக்குத் தெரியாத மாஸ்டர் மாவட்டத்தில் கிடையாது.

*ஜூடோவும் பிரேசிலிய ஜியு ஜிட்சுவும்.* ஜிகாரோ கானோ 1882இல் டோக்கியோவில் தொடங்கியது ஜூடோ. அதில் முதலில் சொல்லித் தருவது விழுவது. இந்த ஒன்றுக்காகவே வயதானவர்கள் அதைக் கற்கலாம், ஏனென்றால் அறுபது வயதில் நம்மை எவனும் குத்த வரப்போவதில்லை, குளியலறைத் தரைதான் தாக்கும். ஆனால் நல்ல மெத்தை இல்லாத இடத்தில் ஜூடோ கற்காதீர்கள், மண்ணில் விழுந்து பழகலாம் என்று யார் சொன்னாலும் சரி. தரையில் ஆளைப் பிடித்து மடக்கும் ஜியு ஜிட்சுவுக்குப் பெரிய நகரங்களுக்குத்தான் போக வேண்டும். கருப்பு பெல்ட்டுக்குப் பத்து வருடம் போல ஆகும் கலை அது, அவசரக்காரர்களுக்கு இல்லை.

களரிப்பயட்டு, கன்னியாகுமரிப் பக்கத்துப் பழைய சண்டைக் கலையான அடிமுறை என்று ஆசைப்படுகிறவர்கள் கேரளத்துக்கோ கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ போய்ப் பத்து நாள் தங்கிப் பார்த்துவிட்டு வரலாம், வாராவாரம் நடக்காது. வர்மம் மட்டும் தனியாகச் சொல்லித் தருகிறேன், ஒரு விரலில் ஆளைச் சாய்க்கலாம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

ஐந்தாவது: கிளாஸில் போய் உட்காருங்கள்

மூன்று கிளாஸ் பாருங்கள், சேராமல், ஓரமாக உட்கார்ந்து. உட்கார விடாத இடத்தில் சேர வேண்டாம். இது ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்ன பார்ப்பது? மாஸ்டரைப் பார்க்காதீர்கள், அவர் எப்படியும் நன்றாகத்தான் செய்வார். மாணவர்களில் ரொம்ப மோசமாகச் செய்கிற ஆளைப் பாருங்கள். அந்த ஆளிடம் மாஸ்டர் எப்படிப் பேசுகிறார், எத்தனை தடவை வந்து காலைத் திருத்துகிறார், அல்லது பார்த்தும் பார்க்காமல் போகிறாரா? நீங்கள் சேர்ந்தால் அந்த ஆள் நீங்கள்தான். அப்புறம் முப்பது வயதுக்கு மேல் எத்தனை பேர், அவர்களில் இரண்டு வருடத்துக்கு மேல் இருப்பவர் யாராவது உண்டா என்று பாருங்கள். இருந்தால் அவரோடு ஒரு டீ குடியுங்கள். மாஸ்டர் சொல்லாததை எல்லாம் அந்த ஒரு டீயில் சொல்லிவிடுவார்.

பெண்கள் சேர்வதாக இருந்தால் தனி நேரம் உண்டா, இல்லை கலந்தா, பெண் பயிற்சியாளர் உண்டா, தொட்டுத் திருத்துமுன் கேட்கிறார்களா, முழுக்கை உடையும் தலைத்துணியும் போட்டுக்கொள்ளலாமா என்பதையெல்லாம் நேராகக் கேளுங்கள். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் உங்கள் மகளையும் அனுப்ப வேண்டாம். அரசுப் பள்ளிகளில் மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள், அதில் கராத்தேயும் சிலம்பமும் உண்டு. அங்கே சொல்லித்தர வருபவர் யார் என்று பள்ளியில் கேட்டால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மாஸ்டர் இருப்பது தெரியவரலாம். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து கேட்டால் காலை ஆறு மணிக்குத் தனிக் கிளாஸ் வைக்கப் பலரும் தயார்தான், ஒருவராகப் போய்க் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள்.

பணத்தையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். மாதக் கட்டணம் மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். அட்மிஷன் எவ்வளவு, உடை எவ்வளவு, வெளியே வாங்கலாமா, பெல்ட் டெஸ்ட் வருடத்துக்கு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, சங்க உறுப்பினர் பணம் உண்டா, போட்டிக்குக் கட்டாயமா? நான் முதலில் சேர்ந்த கிளாஸில், பெயர் வேண்டாம், மாதக் கட்டணம் குறைவுதான். ஆனால் மூன்று மாதத்துக்கொரு தடவை கிரேடிங் என்ற பெல்ட் டெஸ்ட், அதற்குத் தனிப் பணம், சான்றிதழுக்குத் தனி, பெல்ட்டுக்குத் தனி. ஒரு கிரேடிங் அன்று எனக்குக் காய்ச்சல், போகவே இல்லை. அடுத்த வாரம் பெல்ட்டும் சான்றிதழும் வீடு தேடி வந்துவிட்டன, பணம் முன்பே கட்டியிருந்தேனாம். அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் கருப்பு பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால் நில்லாமல் போங்கள், ஒழுங்கான இடத்தில் நாலைந்து வருடமாவது ஆகும்.

ஆறாவது: சாமான்

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். பழைய டிராக் பேன்ட், பனியன், ஒரு துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். மோதும் பயிற்சி தொடங்கும் அன்று பல்லுக்கு மௌத் கார்டு, ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே காக்கும் கப், இரண்டும் உங்களுக்கென்று சொந்தமாக. கிளாஸில் பொதுவாகக் கிடக்கும் தலைக்கவசத்தைப் போடுமுன் உள்ளே துடைத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பயிற்சி முடிந்து ஈரத் துணியோடு டீக்கடையில் அரை மணி நேரம் பேசிக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் தொடை இடுக்கில் வரும். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

ஏழாவது: முதல் மூன்று மாதம்

நான் பார்த்தவரை நாம் வாங்கும் காயத்தில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான், அதுவும் எதிராளியால் இல்லை, ஆர்வத்தால். சதை சீக்கிரம் பலப்படும், மூச்சு அதைவிடச் சீக்கிரம் வரும். ஆனால் சதையை எலும்போடு கட்டும் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். ஆறாவது வாரத்தில் உடம்பு இளமையாகிவிட்டது போல் இருக்கும், அப்போது ஒரு குதி குதிப்பீர்கள், குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொள்ளும். அதனால் வாரம் இரண்டு நாளே போதும், ஆறாவது வாரமும் இரண்டு நாளே.

மணலில் பயிற்சி செய்வது பார்க்க அழகு, செய்வதில் சூட்சுமம் உண்டு. காய்ந்த தளர்ந்த மணல் கெண்டைக்காலையும் குதிகாலையும் இழுத்துவிடும், முதலில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அலை வந்து போன ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நின்று செய்தால் ஒரு பக்க இடுப்புக்கே எல்லாப் பாரமும் போகும், பாதி நேரம் திரும்பி நில்லுங்கள்.

நேரம் விடிகாலை ஐந்தரை, இல்லை வெயில் தாழ்ந்தபின். கடற்காற்று அடிக்கும்போது வேர்ப்பது தெரியாது, அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். காலைப் பயிற்சி முடிந்து உப்புப் போட்ட நீராகாரம், இல்லை மோர், இதற்கு மேல் ஒரு பவுடரும் தேவையில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டாதீர்கள்.

வலியில் இரண்டு உண்டு. மறுநாள் படியிறங்கும்போது தொடை இரண்டும் சேர்ந்து வலித்தால் அது நல்ல வலி, மூன்று நாளில் போகும். ஒரு மூட்டில் மட்டும், ஒரு பக்கம் மட்டும், குத்துவது போல் இருந்தால் அது வேறு. வீங்கினால் நிறுத்துங்கள். இதை ஆசானிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் ஆறு மாதம் வீட்டில் உட்காருகிறார்கள். நான் முட்டி வலியை நாலு மாதம் சொல்லவே இல்லை, சின்னப் பிள்ளைகள் முன்னால் எப்படி என்று. அதன் பலன்தான் கராத்தேயை விட்டது.

எட்டாவது: ஆறு மாதம் கழித்து ஒரு நாள்

தொடங்கும் அன்றே காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அதுவரை "இது சரிதானா, அது பெட்டரா" என்ற யோசனையே கூடாது, வீடியோவும் கூடாது. அந்தத் தேதி வந்ததும் எத்தனை கிளாஸ் போனீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். வாரம் இரண்டு என்று ஐம்பது சொச்சம் நாளில் முப்பத்தைந்துக்கு மேல் போயிருந்தால் இது உங்கள் கலைதான், பிடித்ததா இல்லையா என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. இருபதுக்குக் கீழே என்றால் நேரமா, தூரமா, ஆசானா, உடம்பா, எது தடுத்தது என்று பார்த்து அதை மாற்றுங்கள். பெரும்பாலும் கலையை மாற்ற வேண்டியிருக்காது, கிழமையை மாற்றினால் போதும்.

நிஜமாகவே மாற வேண்டும் என்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். நேரில் போங்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, பாக்கி இருந்தால் அதையும் கொடுத்துவிட்டு, "மாஸ்டர், முட்டி தாங்கல, கம்புப் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் அப்படிப் போனபோது அவர், அந்த பெல்ட்டை வீட்டுக்கு அனுப்பிய அதே மனிதர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்த ஆசான் என்று கேட்டார். சொன்னேன். "நல்ல ஆளு, காலடி சுத்தமா இருக்கும்" என்றார். அடுத்த மாதமே ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார், முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.